ஜாம்கேடு காட்டும் நலவாழ்வு வழி

நோயுற்றோருக்கு மருந்து கொடுப்பதும், பசித்தோருக்கு உணவளிப்பதும் நல்ல செயல்கள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆயினும், அதே நோயாளி அதே நோயுடன் அடுத்த ஆண்டும் நம் வாசலில் வந்து நிற்பாராயின், நாம் கொடுத்தது போதுமானதா என்னும் வினா எழத்தான் செய்கின்றது. பங்குகளில் ஏழைகளுக்கு உதவும் சபைகளின் கணக்கேடுகளைப் புரட்டினால், உதவி பெறும் குடும்பங்களின் பெயர்கள் ஆண்டாண்டாக மாறாமல் இருப்பதைக் காண்கின்றோம். தந்தை பெற்ற உதவியை மகனும் பெறுகின்றான். கொடுப்போரும் மாறவில்லை, பெறுவோரும் மாறவில்லை.

திருவிழாக் கணக்கு முடிந்து கொஞ்சம் பணம் எஞ்சும்போது, பங்குப் பேரவையில் ஓர் ஆலோசனை எழுவதுண்டு. ஒரு மருந்தகம் கட்டலாமா? இலவச மருத்துவ முகாம் நடத்தலாமா? நல்ல எண்ணங்களே. ஆனால் அத்தகைய ஆலோசனையில் அமருமுன் நம் குடும்பத் தலைவர்களும் தலைவியரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறு உண்டு. அதனை இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

வேலூரில் கற்ற இருவர்

மராட்டிய மாநிலத்தில், 2024ஆம் ஆண்டில் அகில்யாநகர் எனப் பெயர் மாற்றம் பெற்ற அகமத்நகர் மாவட்டத்தில், ஜாம்கேடு என்னும் ஊர் உள்ளது. மழை குன்றிய வறண்ட பூமி அது. அங்கு 1970ஆம் ஆண்டில் ‘முழுமையான ஊரக நலவாழ்வுத் திட்டம்’ என்னும் அறப்பணி தொடங்கப்பெற்றது. தொடங்கியவர்கள் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே என்னும் மருத்துவத் தம்பதியர். இருவரும் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். 1960ஆம் ஆண்டில் திருமணம் செய்துகொண்டபோதே, கிராமத்து ஏழைகளின் நலனுக்குத் தங்கள் வாழ்வை அளிப்பதென உறுதி பூண்டவர்கள்.

முதலில் மராட்டியத்தில் வடாலா என்னும் ஊரிலிருந்த மிஷன் மருத்துவமனையில் இவர்கள் பணிபுரிந்தார்கள். அங்கு இவர்களைச் சிந்திக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. வயிற்றுப்போக்கினால் வாடிவந்த குழந்தையைக் குணமாக்கி அனுப்புவார்கள். அது அதே அழுக்கு நீரைக் குடித்து, அதே நோயுடன் திரும்பி வரும். மருத்துவமனையின் புகழ் ஓங்கியதேயன்றி, கிராமங்களில் நோய் குறையவில்லை. எனவே அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொது நலவாழ்வுக் கல்வி கற்று, தாயகம் திரும்பி, ஜாம்கேடைத் தேர்ந்துகொண்டனர்.

மக்கள் முதலில் கேட்டவை

மருத்துவர் இருவர் ஓர் ஊருக்கு வந்தால் முதலில் என்ன செய்வார்கள்? மருத்துவமனை கட்டுவார்கள் என்றுதான் நாம் எண்ணுவோம். ஆரோலே தம்பதியரோ முதலில் மக்களோடு அமர்ந்து பேசினார்கள். ‘உங்களுக்கு வேண்டியது என்ன?’ என்று கேட்டார்கள். மக்கள் கேட்டது மருந்தன்று, தண்ணீரும் சோறுமே. குடிக்க நீரில்லாதவனிடம் நலவாழ்வைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பதை அவர்கள் உடனே உணர்ந்தார்கள்.

1972-73ஆம் ஆண்டுகளில் மராட்டியத்தைக் கொடும் வறட்சி தாக்கியது. அந்நாள்களில் ஜாம்கேடுப் பகுதிக் கிராமங்களில் குழந்தைகளுக்கான பொதுச் சமையற்கூடங்கள் நடத்தப்பெற்றன. சமைத்தவர்களும் ஊர் மக்களே; உணவுப் பயிர் விளைவிக்க நிலம் கொடுத்தவர்களும் ஊர் மக்களே. இளைஞர்களும் உழவர்களும் கூடி ‘உழவர் மன்றம்’ அமைத்தார்கள். அவர்களை ஒன்றுசேர்க்கக் கைப்பந்து விளையாட்டுக்கூடப் பயன்பட்டது. ஒரே பந்தை எல்லாச் சாதியினரும் தொட வேண்டியிருந்ததல்லவா! மண் அரிப்பைத் தடுத்தல், மரம் நடுதல், குழந்தைகளின் எடையைக் கணக்கெடுத்தல் ஆகிய பணிகளை நாளடைவில் அம்மன்றங்கள் ஏற்றுக்கொண்டன. பின்னர்ப் பெண்களும் மகளிர் மன்றங்கள் அமைத்துக்கொண்டனர்.

கிணறு தோண்டிய இடம்

இவ்வரலாற்றில் நம் உள்ளத்தை ஆழமாகத் தொடும் நிகழ்ச்சி ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றியது. அப்பகுதிக் கிராமங்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் பொதுக் கிணற்றைத் தொட இயலாது. தங்கள் குடத்தில் யாரேனும் நீர் வார்க்கும் வரை அவர்கள் எட்ட நின்று காத்திருக்க வேண்டும். ‘சாதி பாராட்டாதீர்கள்’ என்று மேடையில் முழங்கினால் மட்டும் இவ்வழக்கம் ஒழிந்துவிடுமா?

ஆரோலே தம்பதியர் வேறு வழி கண்டனர். நிலத்தடி நீரைக் கண்டு கூறும் வல்லுநரின் துணையுடன், தாழ்த்தப்பட்டோர் வாழும் பகுதியிலேயே கிணற்றுக்கு இடம் குறிக்கச் செய்தனர். நீர் கிடைக்கும் இடம் அதுவே என்றபின் மறுத்துப் பேச யாரால் இயலும்? அடிகுழாய் அங்கே அமைந்தது. மேல்சாதிப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு அத்தெருவிற்கு நடந்து வரவேண்டியதாயிற்று. வறட்சிக் காலத்தில் தாகம் சாதியைவிடப் பெரிதாக நின்றது. முதலில் முகம் சுளித்தவர்கள் நாளடைவில் அதே குழாயடியில் நின்று பேசிச் சிரித்தார்கள்.

ஒரு செயல் இரு பயன் தந்ததை நாம் கவனிக்க வேண்டும். தூய நீர் கிடைத்தமையால் குழந்தைகளின் வயிற்றுநோய் குறைந்தது. எட்டி நின்றவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். உடல் நலனையும் மனித மாண்பையும் அவர்கள் வெவ்வேறாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

எழுத்தறியாப் பெண்கள் கற்ற மருத்துவம்

கிராமங்களுக்குப் பயிற்சி பெற்ற துணைச் செவிலியரை அனுப்புவதென்பதே தொடக்கத் திட்டம். அது நிலைக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த இளம்பெண்கள் தனியே தங்க அஞ்சினர். ஊராரும் அவர்களை நம்பி ஏற்கவில்லை. அப்போது, ‘எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்கே கற்றுக் கொடுங்களேன்’ என்னும் யோசனை கிராமத்தாரிடமிருந்தே பிறந்தது.

அவ்வாறு கிராமங்கள் தெரிந்தெடுத்த பெண்களுள் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர்கள். தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் பலர். கணவனால் கைவிடப்பட்டவர்களும் கைம்பெண்களும் உண்டு. அவர்கள் வாரந்தோறும் ஜாம்கேடுக்கு வந்து, இரவு தங்கிப் பயிற்சி பெற்றனர். தொடக்கத்தில் ஒருசாதிப் பெண் சமைத்ததை மறுசாதிப் பெண் உண்ண மறுத்தாள். சேர்ந்து சமைத்து, சேர்ந்து உண்டு, எல்லாரும் போர்த்திக்கொள்ளத்தக்க ஒரே பெரிய போர்வையின்கீழ் உறங்கியபோது அத்தடை கரைந்தது.

அவர்கள் கற்றவை எவை? கருவுற்ற தாயைக் கவனிக்கும் முறை. தூய்மையாகப் பிள்ளைப்பேறு பார்த்தல். பிறந்த குழந்தைக்கு உடனே தாய்ப்பால் கொடுக்கச் செய்தல். வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் கலந்த தூய நீரைப் புகட்டுதல். தொழுநோயையும் காசநோயையும் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளுதல். தம்மால் இயலாததை உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல். இவற்றுள் எதற்கும் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஆனால், இவற்றைச் சொல்பவள் அடுத்த வீட்டுக்காரியாக இருந்தால்தான் மாமியாரும் மருமகளும் கேட்பார்கள். கருவுற்றவள் அதிகம் உண்ணலாகாது, சீம்பாலைக் கறந்து கொட்டிவிட வேண்டும் என்பன போன்ற பழைய நம்பிக்கைகளை வெளியூர் மருத்துவரின் சொற்பொழிவு அசைப்பதில்லை. தன் பேரக்குழந்தைக்குச் சீம்பால் கொடுத்துக் காட்டிய அண்டை வீட்டு அம்மாளின் சொல் அசைக்கும்.

செவிலியர், சமூகப் பணியாளர், மருத்துவர் அடங்கிய நடமாடும் குழு கிராமங்களுக்குச் சென்று இப்பெண்களுக்குத் துணைநின்றது. ஜாம்கேடில் மருத்துவமனையும் இருந்தது. எனவே மருத்துவரை வேண்டாமென்று ஒதுக்கிய திட்டமன்று இது. மருத்துவர் தம் அறிவைப் பூட்டிவைக்காமல் பகிர்ந்துகொண்ட திட்டம்.

இப்பெண்களுள் ஒருவர் 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் நடைபெற்ற மாநாடொன்றில் பேசினார். மாளிகையில் தொங்கிய சரவிளக்குகளைச் சுட்டிக்காட்டி, அவை அழகியவை, ஆனால் விலை மிக்கவை, ஏழைக்கு எட்டாதவை என்றார். பின் ஒரு சிறு எண்ணெய் விளக்கை ஏற்றி, அதிலிருந்து மற்றொன்றை ஏற்றினார். தாம் அத்தகைய அகல் விளக்கு என்பதே அவர் கூறியதன் கருத்து. அவையோர் எழுந்து நின்று பாராட்டினர்.

கணக்கு கூறுவது என்ன?

1971ஆம் ஆண்டில் அப்பகுதியில் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளுள் 176 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. அதாவது, ஆறு தொட்டில்களுள் ஒன்று வெறுமையாயிற்று. 1990களில் அவ்வெண் 30க்கும் கீழே இறங்கியது. 1970களில் ஏறத்தாழ 30 கிராமங்களில் 40,000 மக்களிடையே நடைபெற்ற இப்பணி, பின்னர்ப் பல மடங்கு விரிந்தது.

நாடெங்கும் அக்காலத்தில் குழந்தை இறப்புக் குறைந்து வந்ததே, இதில் ஜாம்கேடின் பங்கு எவ்வளவு என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வியே. 2010ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்விதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, திட்டக் கிராமங்களை அண்டைக் கிராமங்களுடன் ஒப்பிட்டது. பிறந்து முதல் மாதத்தைக் கடந்த குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறக்கும் வாய்ப்பு, திட்டக் கிராமங்களில் 30 விழுக்காடு குறைவாக இருந்ததென அது கண்டது.

1975ஆம் ஆண்டிலேயே உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட நூலொன்றில் ஜாம்கேடின் அனுபவம் இடம்பெற்றது. அடிப்படை நலவாழ்வு மக்கள் அனைவருக்கும் உரியது, அதில் மக்களே பங்கேற்க வேண்டும் என்று 1978ஆம் ஆண்டில் அல்மா-அட்டா நகரில் உலக நாடுகள் அறிக்கை வெளியிட்டபோது, ஜாம்கேடு போன்ற பணிகளே அதற்குச் சான்றாக நின்றன. 1979ஆம் ஆண்டில் ஆரோலே தம்பதியருக்கு மகசேசே விருது வழங்கப்பெற்றது. மேபல் 1999இலும், ரஜனிகாந்த் 2011இலும் இறைவனடி சேர்ந்தனர். பணி அவர்களோடு முடிந்துவிடவில்லை. அவர்களுடைய மக்கள் அதனைத் தொடர்ந்து ஏற்று நடத்தினர்.

வேரில்லாத நகல்

நல்ல திட்டத்தைப் பார்த்து அப்படியே எழுதி வைத்துக்கொண்டால் போதாது என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்றுண்டு. 1977ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நடுவண் அரசு, ஊர்தோறும் ஒரு நலவாழ்வுப் பணியாளரை அமர்த்தும் திட்டத்தைத் தொடங்கியது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் தெரிந்தெடுக்கப்பெற்றவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். ஊர்ப் பெரியவர்களுக்கு வேண்டியவர்கள் பலர். அவர்களால் பேறுகால வீட்டிற்குள் நுழைய இயலவில்லை. தொடர்ந்த பயிற்சியும் துணையும் குன்றின. சில ஆண்டுகளில் திட்டம் வலுவிழந்தது. ஜாம்கேடில் வாரந்தோறும் நிகழ்ந்த சந்திப்பு இங்கு இல்லை. மக்களுடைய நம்பிக்கையும் இல்லை. பெயர் ஒன்றாயினும் உயிர் வேறு.

ஆரோலே தம்பதியரைப் போல் வாழ்நாள் முழுவதையும் அளிப்போர் எல்லா ஊர்களிலும் கிடைப்பரா என்றும் சிலர் வினவுகின்றனர். கிடைப்பது அரிதே. ஆயினும், அவர்கள் கடைப்பிடித்த ஒழுங்கு அனைவருக்கும் உரியது: முதலில் கேட்பது, பின் கற்பிப்பது, பின் கைவிடாது உடனிருப்பது, இறுதியில் பொறுப்பை ஒப்படைப்பது.

நம் பங்குகளுக்கு

கொடுப்பவர் கையில் பணத்தோடு அதிகாரமும் இருக்கின்றது. பணத்தைக் கொடுப்பது எளிது. அதிகாரத்தைக் கொடுப்பது கடினம். யாருக்கு என்ன வேண்டும் என்பதை நாமே முடிவு செய்து, நாமே வழங்கி, நாமே நிழற்படமும் எடுத்துக்கொள்ளும் வரை, பெறுபவர் என்றும் பெறுபவராகவே இருப்பார். மருத்துவம் கற்ற இருவர் எழுத்தறியாப் பெண்ணிடம் தம் கலையை ஒப்படைத்தார்கள். அதுவே அவர்கள் செய்த பெருங்கொடை.

ஆகவே, பங்குப் பேரவையினர் மருந்தகத்திற்குக் கடைக்கால் போடுமுன், உதவி பெறும் குடும்பங்களின் இல்லங்களுக்குச் சென்று, அவர்களுக்கு வேண்டியது என்னவென்று கேட்கட்டும். ஓரிடத்தில் குடிநீர் என்பார்கள். ஓரிடத்தில் மது என்னும் கேட்டிலிருந்து விடுதலை என்பார்கள். ஓரிடத்தில் கழிப்பிடம் என்பார்கள். அவ்வாறு கேட்கும் குழுவில் அக்குடும்பங்களைச் சேர்ந்தவர்களும், குறிப்பாகப் பெண்களும், உறுப்பினராக அமரட்டும். பங்கிலுள்ள செவிலியரும் ஆசிரியரும் மாதம் ஒருமுறை தெருப் பெண்களுக்குக் கற்பிக்க முன்வரட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். ஒரே பீடத்தில் நற்கருணை பெறும் நாம், திருவிழாத் தேரோடும் தெருவிலும் கல்லறைத் தோட்டத்திலும் சாதியால் பிரிந்து நிற்கும் ஊர்கள் இன்றும் உண்டு. அத்தகைய ஊரில் புதிய நலப்பணியை எந்தத் தெருவில் தொடங்குவது என்பது மிக முக்கியமான வினா. எல்லாரும் எளிதாக வந்துபோகும் இடமென்று வழக்கம்போல் பெரிய தெருவையே தெரிந்துகொண்டால், பழைய நோய் புதிய கட்டடத்தில் குடியேறும். கடைசித் தெருவில் தொடங்கினால், மற்றவர்கள் அங்கு நடந்து வருவார்கள். ஜாம்கேடின் அடிகுழாய்கள் இதற்குச் சான்று.

அன்புக் குடும்பத்தாரே, அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் வரவுசெலவுக் கணக்கை ஏற்குமுன் ஒரு வினாவை எழுப்புங்கள்: சென்ற ஆண்டு நம்மிடம் உதவி பெற்றவர்களுள் எத்தனை பேர் இவ்வாண்டு பிறருக்கு உதவும் நிலைக்கு உயர்ந்திருக்கின்றார்கள்? அவ்வெண்ணையும் கணக்கேட்டில் ஒரு வரியாகச் சேர்த்து, ஆண்டுதோறும் திருப்பலி முடிவில் மக்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.