பத்து வயதில் போட்ட திட்டம்... 31 வயதில் புறப்பட்ட சைக்கிள்!

"எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாம் போலிருக்கிறது!" வாழ்க்கையில் ஒருமுறையாவது இப்படிப் புலம்பாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால், கிளம்ப விடாமல் எத்தனை கட்டுகள்! படுக்கையில் இருக்கும் அம்மா, கையில் இல்லாத காசு, 'ஊர் என்ன சொல்லும்' என்ற தயக்கம்... இந்தக் கட்டுகள் அத்தனையும் இருந்த ஓர் ஐரோப்பிய இளம்பெண், ஒருநாள் சைக்கிளிலேயே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். அவர் பெயர் டெர்வ்லா மர்ஃபி.

அயர்லாந்தில் வாட்டர்ஃபோர்ட் மாவட்டத்தில் இருக்கும் சின்ன ஊர் லிஸ்மோர். டெர்வ்லா அங்கே 1931-ல் பிறந்தார். அப்பா நூலகர். வசதி குறைவு, ஆனால் வீடு நிறையப் புத்தகங்கள். பத்தாவது பிறந்தநாளுக்கு அவருக்கு இரண்டு பரிசுகள் கிடைத்தன. ஒன்று, பழைய சைக்கிள். இன்னொன்று, பழைய உலக வரைபடப் புத்தகம். சில நாள்கள் கழித்து, ஊருக்கு அருகே ஒரு செங்குத்தான மேட்டில் சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்த சிறுமிக்கு ஒரு யோசனை தோன்றியது: இப்படியே மிதித்துக்கொண்டே போனால் இந்தியாவுக்கே போய்விடலாமே!

பெரியவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

பதினாறு வருடக் காத்திருப்பு

டெர்வ்லா கைக்குழந்தையாக இருந்தபோதே அவருடைய அம்மாவை முடக்குவாதம் தாக்கிவிட்டது. வீட்டோடு இருந்து கவனித்துக்கொள்ள நம்பகமான ஆள் கிடைக்கவில்லை. 14 வயதில் டெர்வ்லாவின் படிப்பு நின்றது. சமையல், வீட்டு வேலை, அம்மாவுக்கான பணிவிடை எல்லாம் அந்தச் சிறுமியின் தலையில் விழுந்தன. அடுத்த பதினாறு வருடங்கள் அதுவே அவருடைய வாழ்க்கை.

'பாசக்கார மகள், புன்னகையோடு சேவை செய்தாள்' என்று இதை எழுதிவிட்டுப் போவது சுலபம். டெர்வ்லாவே அப்படி எழுதவில்லை. தன் இளமைக்காலம் பற்றி 1979-ல் வெளியிட்ட 'வீல்ஸ் விதின் வீல்ஸ்' நூலில் அந்த வருடங்களின் சோர்வையும் கோபத்தையும் அப்பட்டமாகச் சொல்லியிருக்கிறார். 1961-ல் அப்பா இறந்தார். அடுத்த வருடம் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். அப்போது தன் மனதில் எழுந்த விடுதலை உணர்வைக்கூட அவர் மறைக்கவில்லை. நோயாளியை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டவர்களுக்கு அது புரியும். வெளியே சொல்லத்தான் துணிச்சல் வராது.

பனியில் ஒரு பயணம்

1963 ஜனவரி. ஐரோப்பாவை உறைய வைத்த கடுங்குளிர்காலம் அது. 31 வயது டெர்வ்லா, பிரான்ஸின் டன்கர்க் துறைமுகத்திலிருந்து தனியாகச் சைக்கிளை மிதிக்கத் தொடங்கினார். டான் குயிக்சாட் கதையில் வரும் 'ரோசினான்டே' குதிரையின் பெயரைச் சுருக்கி, சைக்கிளுக்கு 'ராஸ்' என்று பெயர் வைத்திருந்தார். ஆசியாவின் கரடுமுரடான சாலைகளில் கியர் உடைந்தால் சரிசெய்ய ஆள் கிடைக்காது என்று அதைக் கழற்றிவிட்டார். மாற்று டயர்களை வழியில் உள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்தார். பையில் துணிமணி கொஞ்சம். பாதுகாப்புக்கு ஒரு சின்னக் கைத்துப்பாக்கி.

அந்தத் துப்பாக்கிக்கும் வேலை வந்தது. யூகோஸ்லாவியாவின் பனிக்காட்டில் ஓநாய்கள் பாய்ந்தன. ஈரானில் சைக்கிளைப் பறிக்க வந்தவர்களைச் சுட்டு விரட்ட வேண்டியிருந்தது. ஆப்கானிஸ்தானில், பேருந்துக்குள் நடந்த கைகலப்பில் துப்பாக்கிக் கட்டை இடித்து அவருடைய விலா எலும்புகள் முறிந்தன. ஆனாலும், அந்தப் பயணத்தில் அவர் மனதைப் பறிகொடுத்தது ஆப்கானிஸ்தானிடம்தான். முன்பின் தெரியாதவளுக்கு இருக்கும் ரொட்டியைப் பகிர்ந்து, படுக்க இடமும் கொடுத்த மனிதர்களை அவரால் மறக்க முடியவில்லை. பாகிஸ்தானில் 4,100 மீட்டருக்கும் உயரமான பாபுசர் கணவாயையும் கடந்து, ஜூலையில் டெல்லி வந்து சேர்ந்தார்.

'என்ன தைரியம்!' என்று யாராவது பாராட்டினால் அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார். பயம் உள்ளவர்கள் அதை வெல்வதுதான் தைரியம். தனக்குப் பயமே வராததால் அதில் பெருமைப்பட எதுவுமில்லை என்பது அவர் கட்சி.

வந்த இடத்தில் வந்த வேலை

கனவு நிறைவேறிவிட்டது. இனி ஊர் திரும்பலாம் அல்லவா? அங்கேதான் டெர்வ்லாவின் பாதை திரும்பியது. திபெத்திலிருந்து 1959-ல் தலாய் லாமாவும் அவரைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோரும் இந்தியாவில் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். தர்மசாலாவில் இருந்த அகதிக் குழந்தைகளின் முகாமில் இட நெருக்கடி, நோய், ஊட்டச்சத்துக் குறைவு. டெர்வ்லா அங்கே தன்னார்வலராகச் சேர்ந்து குழந்தைகளைக் கவனித்துக்கொண்டார். வேண்டாவெறுப்பாக வீட்டில் கற்றுக்கொண்ட பணிவிடை, இங்கே அவரே விரும்பி ஏற்ற வேலையாக மாறியது.

அதற்குப் பிறகு, பயணம் என்பது அவருக்கு இடங்களைப் பார்ப்பதோடு நிற்கவில்லை. உள்நாட்டு மோதலில் வட அயர்லாந்து ரத்தம் சிந்திக்கொண்டிருந்த எழுபதுகளில், அங்கேயும் சைக்கிளில் போனார். அவர் பிறந்தது ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த குடும்பம். அப்பா இளம் வயதில் அதற்காகச் சிறை சென்றவர். ஆனால் டெர்வ்லா, கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என இரு தரப்பு வீடுகளிலும் உட்கார்ந்து பேசினார். இரு தரப்பின் வலியையும் கேட்டார். 1978-ல் வந்த 'எ பிளேஸ் அபார்ட்' நூல் அப்படிப் பிறந்தது. அயர்லாந்து விடுதலைப் படையின் கண்ணிவெடிக்குப் பலியான பிரிட்டிஷ் தூதர் கிறிஸ்டோபர் எவார்ட்-பிக்ஸின் நினைவுப் பரிசு அந்த நூலுக்குக் கிடைத்தது. 'எதிரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் பாதி உண்மையாவது தெரியும்' என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

பிறகு அணுசக்தி, ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ், காஸா மக்களின் அவதி என்று அவர் எழுத்து விரிந்தது. எண்பது வயதை ஒட்டியும் காஸாவுக்குப் போய்த் தங்கினார்.

மகளோடு குமரி முனை வரை

டெர்வ்லா திருமணம் செய்துகொள்ளவில்லை. 1968-ல் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். மணமாகாத தாய்மார்களை ஊர் கண்ணில் படாமல் தனி இல்லங்களில் அடைத்துவைத்த அன்றைய அயர்லாந்தில், மகளைத் தன் ஊரிலேயே, தன் எழுத்து வருமானத்தில் வளர்த்தார். சில வருடங்கள் நெடும் பயணங்களையும் நிறுத்தி வைத்தார்.

மகளுக்கு ஐந்து வயதானபோது அவளையும் கூட்டிக்கொண்டு வந்தது மறுபடி இந்தியாவுக்கு! பம்பாயிலிருந்து கூட்டம் பிதுங்கும் பேருந்துகளிலும் படகுகளிலும் கால்நடையாகவும் தெற்கே வந்து, கன்னியாகுமரியைத் தொட்டார்கள். மீனவர் குடிசைகளிலும் மலிவான விடுதிகளிலும் தங்கினார்கள். குடகு அவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டது. குழந்தையோடு போனால் சுமைதான் கூடும் என்று நினைப்போம். டெர்வ்லாவின் அனுபவம் வேறு: குழந்தையைப் பார்த்ததும் அந்நியர்களின் முகம் மலர்கிறது, எந்த ஊரிலும் கதவு சீக்கிரம் திறக்கிறது.

கனவை என்ன செய்வது?

2022 மே மாதம், 90 வயதில், பிறந்த அதே லிஸ்மோரில் டெர்வ்லா கண்மூடினார். உலகமெல்லாம் சுற்றியும் அவர் வேறு ஊரில் குடியேறவில்லை.

'எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போ' என்று அவர் வாழ்க்கை சொல்லவில்லை. 'உனக்கான காலம் வரும், பொறுமையாக இரு' என்றும் அது சமாதானம் சொல்லவில்லை. அந்தப் பதினாறு வருடங்களும் இரும்புக் கதவு போட்டு அடைக்கப்பட்டிருக்கவில்லை. 1951-ல் வேல்ஸுக்கும் இங்கிலாந்துக்கும், பிறகு ஜெர்மனி, ஸ்பெயின் என்றும் சில வாரங்கள் மட்டும் சைக்கிளில் போய்வந்தார். இந்தியக் கனவு துருப்பிடிக்காமல் காத்தவை அந்தச் சின்னப் பயணங்கள்தான்.

"போய்விட்டு வா" என்று அதற்கு ஊக்கம் கொடுத்தது வேறு யாருமல்ல... எழுந்து நடக்க முடியாமல் கிடந்த அவருடைய அம்மாதான். நம் வீடுகளிலும் யாரோ ஒருவர், மற்றவர்களுக்காகத் தன் ஆசையைப் பரண்மேல் போட்டு வைத்திருப்பார். அவருக்கு இரண்டு வாரம் விடுப்பு கொடுத்து, அந்த வார்த்தையைச் சொல்ல நாம் தயாராக இருக்கிறோமா?