அடுப்பெரியாத வீடுகள்

சினிமாவையும் தொலைக்காட்சியையும் பற்றி முஸ்லிம் குடும்பப் பத்திரிகை ஒன்றில் எழுதுவது தகுமா என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும், எங்கள் பிரம்மதேசம் போன்ற ஊரில் ஒரு காலத்தில் படம் பார்க்க வேண்டுமானால் திண்டிவனத்துக்குப் பேருந்து ஏற வேண்டியிருந்தது. இன்றோ, மரக்காணத்து உப்பளங்களின் ஓரமாக நடந்து வரும் பையனின் சட்டைப் பையிலேயே திரையரங்கம் இருக்கிறது. கதவைத் தாழிட்டால் உள்ளே வராது என்று சொல்லும் காலம் போய்விட்டது. வீட்டுக்குள் வந்து அமர்ந்துவிட்ட விருந்தாளி யார், எவர் என்று விசாரிப்பதில் தவறில்லை.

நான் ஒரு படத்தை எடைபோடுவதற்கு எளிய படிக்கல் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் முஸ்லிம் வீடு வருகிறதா? வந்தால், அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா? யாராவது உலை வைக்கிறார்களா, கடன்காரனுக்குப் பதில் சொல்கிறார்களா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கவலைப்படுகிறார்களா? இவை இருந்தால் அந்தப் படத்தோடு பேச்சுவார்த்தை நடத்தலாம். நடிப்பும் இசையும் ஒளிப்பதிவும் அதற்கு அப்புறம்.

இந்தப் படிக்கல்லை வைத்து நிறுத்தால் பெரிய பெயர்களெல்லாம் இலேசாகிவிடுகின்றன. மணிரத்னத்தின் 'ரோஜா' 1992இல் வந்தபோது ஊரே கொண்டாடிற்று. எரியும் தேசியக் கொடியின் மீது நாயகன் விழுந்து தீயை அணைக்கிறான். அதே காட்சியில் தீவிரவாதியின் தொழுகை இணைத்துக் காட்டப்படுகிறது. சஜ்தாவில் குனியும் தலையைக் கண்டதும் துப்பாக்கி நினைவுக்கு வரும்படி ஒரு தலைமுறையைப் பழக்கிய காட்சி அது என்பேன். கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' படத்தில் வரும் உமருக்கு மனைவி மக்கள் உண்டு. ஆனால் அந்தச் சிறுவனின் விளையாட்டோ, கண்ணைக் கட்டிக்கொண்டு துப்பாக்கிக் குண்டுகளைத் தடவி இனம் கண்டு சொல்வது! 2013 ஜனவரி 25ஆம் நாள் வெளியாக இருந்த அப்படத்தை நம் அமைப்புகள் எதிர்த்தன. தமிழக அரசு தடை விதித்தது. சில இடங்களில் ஒலி நீக்கப்பட்டுப் பிப்ரவரி 7இல் அது வெளிவந்தது. அந்த இரண்டு வாரங்களில் நாடு முழுவதும் அதற்குக் கிடைத்த விளம்பரத்தைப் பணம் கொடுத்து வாங்கியிருக்க முடியாது. இலவசமாக வழங்கியவர்கள் நாம்.

'அமரன்' (2024) குறித்துக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். 2014இல் சோபியானில் உயிர் நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை அது. அந்த வீரருக்குச் செலுத்த வேண்டிய மரியாதையில் நமக்கு எந்தக் குறையும் கிடையாது. அவருடைய மனைவியாக சாய் பல்லவி நடித்திருக்கும் பகுதிகளைக் கண்டு என் வீட்டில் அழாதவர் இல்லை. முகுந்தின் வீட்டில் அடுப்பு எரிகிறது. தாய் கோபிக்கிறாள், தந்தை சமாதானம் செய்கிறார். காஷ்மீரத்து வீடுகளோ, பெரும்பாலும் பூட்ஸ் காலோடு நுழைந்து சோதனையிடப்படும் இடங்களாகவே வந்து போகின்றன. அங்கேயும் ஒரு தாய் ரொட்டி சுட்டிருப்பாளே! அவளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்திருந்தால் முகுந்தின் தியாகம் சிறுத்துப் போயிருக்காது. இதைப் பேச்சிலும் எழுத்திலும் சொல்லலாம். ஆனால் அதே நவம்பரில் நெல்லை மேலப்பாளையத்தில் இப்படத்தைத் திரையிட்ட அரங்கின் மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டதே, அதைச் செய்தவன் எவனாக இருந்தாலும், இயக்குநர் எடுக்க மறந்த காட்சியை அவருக்கு எடுத்துக் கொடுத்தவன் அவன்.

'தி கேரளா ஸ்டோரி'க்கு (2023) அதிக வரிகளைச் செலவிட விரும்பவில்லை. 32,000 பெண்கள் என்று முழங்கிவிட்டு, பிறகு மூன்று பெண்களின் கதை என்று சுருக்கிக்கொண்டார்கள். அந்த எண்ணிக்கைக்கு ஆதாரமில்லை என்ற அறிவிப்போடு திரையிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. 2025இல் அதற்குச் சிறந்த இயக்கத்துக்கான தேசிய விருதும் அறிவிக்கப்பட்டது. பார்க்காதீர்கள், நேரம் மிச்சம்.

இதற்கிடையே ஒரு கேள்வி. நம் பெயரை இழிவுபடுத்தும் படங்களுக்கு எதிராகக் கிளம்பும் நாம், ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் நாயகன் கையில் இருக்கும் மதுக் கிண்ணத்தைக் கண்டு அதே குரலில் கேட்கிறோமா? மூலையில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை ஓடுகிறது. நடுவே பாட்டும் கூத்துமாகக் குடி நடக்கிறது. 2023 மே மாதம் எங்களுக்கு அருகே, மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில், விஷச் சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த மீனவக் குப்பத்து ஒப்பாரியைக் கேட்டவர்களுக்குத் திரையில் வரும் குடிகாரனின் வேடிக்கை சிரிப்பை வரவழைக்காது.

அதே மாதத்தில்தான் 'ஃபர்ஹானா' வந்தது. நெல்சன் வெங்கடேசன் இயக்கிய படம். ஓர் எளிய, கட்டுப்பாடான முஸ்லிம் குடும்பத்துப் பெண், வீட்டு வறுமையால் அழைப்பு மையத்தில் வேலைக்குப் போகிறாள். கூடுதல் ஊதியத்துக்காக, முன்பின் தெரியாத ஆண்களோடு பேசும் பிரிவுக்கு மாறிச் சிக்கிக்கொள்கிறாள். இதற்கும் எதிர்ப்பு எழுந்தது. முழுப் படத்தையும் பார்த்துவிட்டு எதிர்த்தவர்கள் எத்தனை பேர் என்று அறிய ஆசை! தகப்பனின் செருப்புக் கடை, சுருங்கிவரும் வியாபாரம், மனைவியை நம்பி உடன் நிற்கும் கணவன் என்று ஒரு குடும்பம் இதில் உயிரோடு இருக்கிறது. தமிழ்ப் படத்தில் சந்தேகப்படாத, கை ஓங்காத முஸ்லிம் கணவனை நான் கண்டது அபூர்வம். தகப்பனாக வரும் கிட்டியைப் பார்த்ததும், 1995இல் 'பம்பாய்' படத்தில் ஷைலா பானுவின் தந்தையாக, செங்கல் சூளை பஷீராக வந்தவர் இவர்தானே என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் முஸ்லிம் தகப்பனுக்கு இவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது போலும். குறை இல்லாமல் இல்லை. பின்பாதி வெறும் திகில் கதையாகி, அந்தப் பெண்ணின் மனம் பின்னுக்குப் போய்விடுகிறது.

'மாநாடு' (2021) அப்துல் காலிக்கை நாயகனாக்கியது. முதலமைச்சரைக் கொன்று பழியை ஒரு முஸ்லிம் இளைஞன் மீது போடும் சதியை விறுவிறுப்பாகச் சொன்னது. பையன்களுக்குத் தாராளமாகக் காட்டலாம். 'லால் சலாம்' (2024) படத்தில் ரஜினிகாந்த் மொய்தீன் பாயாக வந்து நல்லிணக்கம் போதிக்கிறார். நோக்கம் நல்லதுதான், ஆனால் நல்ல முஸ்லிம் என்றால் மேடைப் பேச்சாளனாகத்தான் இருக்க வேண்டுமா? மளிகைக் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதினால் நல்லவன் ஆகமாட்டானா?

என் படிக்கல்லுக்கு ஈடுகொடுத்த படம் மலையாளத்தில் இருக்கிறது. ஸக்கரியா இயக்கிய 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' (2018). மலப்புரத்துக் கால்பந்துக் குழுவுக்கு ஆட வந்த நைஜீரிய இளைஞன் அடிபட்டுப் படுத்துவிடுகிறான். குழு நடத்தும் மஜீத் அவனைத் தன் வீட்டுக்குக் கொண்டுவருகிறான். அவ்வளவுதான் கதை. அந்த வீட்டு உம்மாவும் பக்கத்து வீட்டு மூதாட்டியும் மொழி தெரியாத அப்பிள்ளைக்குக் கஞ்சி கொடுக்கிறார்கள், துடைத்துவிடுகிறார்கள், அவன் பாட்டி இறந்த செய்தி கேட்டு அவனுக்காகத் துக்கம் காக்கிறார்கள். அவன் வேற்று மதத்தவன் என்பதைப் பற்றி யாரும் வசனம் பேசுவதில்லை. இன்னொரு பக்கம், தாயின் இரண்டாம் கணவரைத் தகப்பனாக ஏற்க மனமின்றி மஜீத் ஆண்டுக்கணக்கில் முகம் திருப்பிக்கொண்டிருக்கிறான். அந்த முதியவர் வாசலில் தயங்கி நிற்கும் காட்சியில், நம் ஊர்களில் மறுமணம் செய்துகொண்ட எத்தனையோ தாய்மாரின் மௌனம் இருக்கிறது. இரு உம்மாக்களாக நடித்த சாவித்திரி ஸ்ரீதரனுக்கும் சரசா பாலுச்சேரிக்கும் கேரள அரசு விருது கிடைத்தது. தேசிய விருதுக்கும் இப்படம் தேர்வாயிற்று. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து இயக்குநர் 2019 டிசம்பரில் அவ்விழாவுக்குப் போக மறுத்துவிட்டார். குடும்பத்தோடு அமர்ந்து பாருங்கள். மொழி புரியாவிட்டாலும் கஞ்சி புரியும்.

தொலைக்காட்சித் தொடர்களில் முஸ்லிம் வீட்டைத் தேடிப் பயனில்லை. இருந்தும் சன் தொலைக்காட்சியில் 2022 முதல் 2024 வரை ஓடிய 'எதிர்நீச்சல்' நம் பெண்களைக் கட்டிப்போட்டது. 'கோலங்கள்' தொடரை இயக்கிய திருச்செல்வத்தின் படைப்பு. படித்த பெண்களாகப் பார்த்து மருமகள்களாகக் கொண்டுவந்து, வேலைக்கு அனுப்பாமல் அடக்கி வைக்கும் ஆதி குணசேகரனின் வீடு அது. அங்கே அடுப்புக்குக் குறைவில்லை. அதைவிட்டு நகரத்தான் மருமகள்களுக்கு அனுமதியில்லை. அந்த வேடத்தைத் தாங்கிய மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானபோது, நம் வீட்டுப் பெண்கள் உறவுக்காரர் போனதுபோல் வருந்தினார்கள். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அவர்கள் அந்த மனிதனை முன்பே அறிந்திருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்ணை, திண்டிவனம் கல்லூரிக்குப் பேருந்தில் போய்வருவது சரிப்படாது என்று நிறுத்திவிட்ட தகப்பன்மார் எங்கள் பக்கத்தில் உண்டு. இரவில் அந்த வீட்டுக் கூடத்திலும் அதே தொடர்தான் ஓடியது. தகப்பனும் உட்கார்ந்து பார்த்தார், குணசேகரனைத் திட்டிக்கொண்டே.