ஆண்மை மாத்திரையும் கூட்டு மருந்தும்

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாத்திரை வாங்க வருபவரிடம் நான்கு கேள்விகளைத் தவறாமல் கேட்பார்கள். இருமல் இருக்கிறதா, காய்ச்சல் வந்ததா, எடை குறைந்ததா, ராத்திரியில் வியர்க்கிறதா. காசநோயைக் கோட்டை விட்டுவிடக் கூடாது என்பதற்கான கேள்விகள் இவை, அவசியமானவைதான். பிறகு அவருடைய பச்சைச் சிகிச்சைப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, மாத்திரை டப்பாவை நீட்டி, அடுத்த தேதியைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். ‘வீட்டில் தாம்பத்தியம் எப்படி இருக்கிறது?’ என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. வந்தவரும் வாய் திறப்பதில்லை. பின்னால் அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது அதை எந்தக் குரலில் சொல்வது?

அங்கே சொல்லாத குறைக்கு அவர் வேறு இடத்தில் வழி தேடுகிறார். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் ‘ஆண்மைக் குறைவா, நரம்புத் தளர்ச்சியா’ நோட்டீஸ். மாதம் ஒரு நாள் ஊருக்கு வந்து லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் பரம்பரை வைத்தியர். மெடிக்கல் ஷாப்பில் குரலைத் தாழ்த்திக் கேட்டு வாங்கும் மாத்திரை. உடம்பு தேறுவதற்கு என்று ஜிம்மில் போட்டுவிடும் ஊசி. இந்த இடங்களில் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்ல மாட்டார். ஏ.ஆர்.டி. டாக்டரிடம் இந்த மருந்துகளைச் சொல்ல மாட்டார். கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிடும் ஒருவருக்கு வைரஸால் வரக்கூடிய கேட்டைவிட, இந்த இரட்டை மறைப்பால் வரும் கேடுதான் பெரிது என்பது என் கணிப்பு.

வைரஸின் நிலவரத்தை முதலில் பார்த்துவிடலாம். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தபோது, கொடுப்பதற்கு மருந்தே கிடையாது. 2004 ஏப்ரலில் அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது, தாம்பரம் சானடோரியம் போன்ற ஒருசில மருத்துவமனைகளில்தான் அது கிடைத்தது. இன்று பெரும்பாலானவர்களுக்கு நாளைக்கு ஒரே மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அதில் அடக்கம். விடாமல் சாப்பிட்டால் சில மாதங்களில் ரத்தத்தில் உள்ள வைரஸ் பரிசோதனைக் கருவிக்கே பிடிபடாத அளவுக்கு இறங்கிவிடும். அப்படி இறங்கிய நிலை நீடிக்கும்வரை உடலுறவின் வழியாக அவரிடமிருந்து துணைக்குத் தொற்று போகாது.

இது ஆறுதலுக்குச் சொல்வதல்ல. சென்னையும் பங்கேற்ற ‘எச்.பி.டி.என். 052’ ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 இணைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். உடனே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்ததாக 2011-ல் அறிவித்தார்கள். 2019-ல் வெளியான ஐரோப்பாவின் ‘பார்ட்னர் 2’ ஆய்வு 782 ஆண் இணைகளைப் பின்தொடர்ந்தது. ஆணுறை இல்லாமல் 76,000 முறைக்கு மேல் உறவு நடந்தும், மருந்தால் வைரஸ் அடங்கிய துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. சிபிலிஸ், கொனோரியா போன்ற பால்வினை நோய்களுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. அவற்றுக்கு ஆணுறைதான் வேண்டும்.

‘அப்படியானால் எனக்கு ஏன் ஒன்றும் முடியவில்லை?’ என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. காரணம் ஒன்றல்ல. மனைவிக்குத் தொற்றிவிடுமோ என்ற பயமே பலருக்குப் போதும், ஆசை அடங்கிவிடும். மனச்சோர்வு ஒரு காரணம், அதற்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் காரணம். சர்க்கரை நோய், சில ரத்தக்கொதிப்பு மருந்துகள், குடி, புகை, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. கடைசியாக, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவது. தொற்று இல்லாத அதே வயது ஆண்களைவிட எச்.ஐ.வி. உள்ள ஆண்களிடம் இந்தக் குறைபாடு கூடுதலாகக் காணப்படுகிறது.

ஹார்மோன் பரிசோதனையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் காலையில் அதிகமாகவும் பொழுது சாயச் சாயக் குறைந்தும் இருக்கும். எனவே காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். குறைவாக இருந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்த்த பிறகுதான் ‘குறைபாடு’ என்று சொல்லலாம். சாயந்திரம் ஐந்து மணிக்கு எடுத்த ஒரே ரிப்போர்ட்டைக் காட்டி ஊசி போடச் சொல்பவரை நம்ப வேண்டாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஹார்மோனைக் கட்டிப் பிடித்துவைக்கும் ஒரு புரதம் இவர்களின் ரத்தத்தில் கூடுதலாக இருப்பது வழக்கம். அதனால் மொத்த அளவு சரியாகவே இருக்கும், உடலுக்குப் பயன்படக்கூடிய கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருக்கும். ‘எல்லாம் நார்மல்’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சிலருக்கு உண்மையிலேயே குறைபாடு இருக்கக்கூடும். ‘கட்டற்ற அளவையும் பார்க்கலாமா?’ என்று டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை.

குறைபாடு உறுதியானால் டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை நல்ல பலன் தரும். ஆசை திரும்பும், சோர்வு குறையும், தசை கூடும், எலும்பு பலப்படும். டெனோஃபோவிரால் எலும்பின் அடர்த்தி சற்றுக் குறையக்கூடும் என்பதால் இந்தக் கடைசிப் பலன் முக்கியமானது. ஆனால் ஊசியோ, தோலில் தடவும் ஜெல்லோ, எதுவானாலும் டாக்டர் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும். இந்த ஹார்மோன் ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கி ரத்தத்தைக் கெட்டியாக்கும், அது உறைந்து அடைத்துக்கொள்ள இடம் கொடுக்கும். அதனால் ரத்தப் பரிசோதனையையும், நாற்பதைத் தாண்டியவர்கள் புராஸ்டேட் பரிசோதனையையும் இடைவெளி விட்டுச் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஜெல் போட்டவர் அந்த இடம் காயாமல், துணியால் மூடாமல் குழந்தையைத் தூக்கினால் மருந்து குழந்தையின் உடலுக்கும் போகும்.

பலரும் அறியாமல் விழும் குழி ஒன்று உண்டு. குழந்தை வேண்டும் என்று விரும்பும் ஆண் ‘ஆண்மை ஊசி’ போட்டுக்கொண்டால் விந்தணு உற்பத்தி ஏறக்குறைய நின்றே போகலாம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விந்தகத்துக்கு ‘வேலை வேண்டாம்’ என்று சொல்லிவிடும். ஊசியை நிறுத்தினாலும் உற்பத்தி திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஒன்றிரண்டு ஆண்டுகள்கூட ஆகும். வைரஸ் அடங்கிய ஆண், மனைவிக்குத் தொற்றாமல் இயல்பான முறையிலேயே அப்பாவாக முடியும். வைரஸ் கெடுக்காத அந்த வாய்ப்பை ஜிம் ஊசி கெடுத்துவிடுகிறது. குழந்தை ஆசை இருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், குழந்தை வேண்டுபவர்களுக்கு வேறு வகை மருந்துகள் இருக்கின்றன. ஜிம்மில் ஒரே குப்பியிலிருந்து பலருக்கு ஊசி ஏற்றும் பழக்கம் எச்.ஐ.வி.யையும் மஞ்சள் காமாலைக் கிருமிகளையும் பரப்பும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது சில்டெனாஃபில், டடாலாஃபில் வகை மாத்திரைகள். விறைப்புக் கோளாறுக்கு இவை நல்ல மருந்துகள், இவற்றின்மீது எனக்கு எந்த விரோதமும் இல்லை. டோலுடெக்ராவிர் உள்ள ஒரே மாத்திரைச் சிகிச்சையில் இருப்பவருக்கு இவற்றோடு பெரிய மோதலும் கிடையாது. ஆனால் முதல் நிலை மருந்து பலிக்காமல் இரண்டாம் நிலைக்குப் போனவர்களின் டப்பாவைப் பாருங்கள். அட்டசனவிர், லோபினவிர், டருனவிர் இவற்றில் ஒன்று இருந்தால் கூடவே ரிட்டோனவிர் இருக்கும். அது சில்டெனாஃபிலை உடல் கழித்துக்கட்டவிடாமல் தடுக்கிறது. ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறிவிடும். ரத்த அழுத்தம் சரியும், தலை சுற்றி விழலாம். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் அடங்காமல் நின்றால் அது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய விஷயம். ரிட்டோனவிர் சாப்பிடுபவருக்கு 48 மணி நேரத்தில் 25 மில்லிகிராமுக்கு மேல் சில்டெனாஃபில் கூடாது. கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பதோ 50, 100 மில்லிகிராம் மாத்திரைகள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் சார்பிட்ரேட் வைப்பவருக்கு, எச்.ஐ.வி. இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த வகை மாத்திரை உயிருக்கே உலை வைக்கும்.

ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஃபுளூட்டிகசோன், மூட்டுவலிக்குப் போடும் டிரையாம்சினோலோன் ஊசி ஆகிய ஸ்டீராய்டுகளும் ரிட்டோனவிரோடு சேர்ந்தால் உடலில் தேங்கி, சுரப்பிகளின் வேலையையே நிறுத்திவிடலாம். மூட்டு டாக்டருக்கு உங்கள் மாத்திரைப் பெயர் தெரியாமல் இருந்தால் அவர் என்ன செய்வார்?

பரம்பரை வைத்தியர் தரும் லேகியத்தில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. ‘மூலிகை மட்டுமே’ என்று விற்கும் ஆண்மை மருந்துகளில் சில்டெனாஃபில் ரகசியமாகக் கலந்திருப்பதாக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் பல முறை எச்சரித்திருக்கிறது. இரண்டாவது கண்ணி டோலுடெக்ராவிர் சாப்பிடுபவர்களுக்கு. இரும்பு, கால்சியம், துத்தநாகம், மெக்னீசியம் இவற்றோடு சேர்ந்தால் அந்த மருந்து குடலிலேயே பிணைந்து, ரத்தத்தில் சேர்வது குறைந்துவிடும். சத்து மாத்திரைக்கும் வயிற்றெரிச்சல் திரவத்துக்கும் சொல்லப்படும் இந்த விதி, இரும்பிலிருந்து செய்யும் அயச் செந்தூரத்துக்கும் சுண்ணாம்புச் சத்தான சங்கு பற்பத்துக்கும் பொருந்தாமல் போக நியாயமில்லை. கூட்டு மருந்தை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சாப்பிடுவது பாதுகாப்பு. பதிவு பெற்ற சித்த மருத்துவர்களை நான் குறைசொல்லவில்லை. அவர்களிடமும் கூட்டு மருந்தைச் சொல்லிவிடுங்கள் என்கிறேன்.

இன்னொன்று. விறைப்புக் கோளாறு பல நேரம் இதயத்திலிருந்து வரும் தந்தி. ஆணுறுப்பின் ரத்தக்குழாய் இதயத்தின் குழாயைவிட மெல்லியது. அடைப்பு முதலில் அங்கேதான் தெரியும், மாரடைப்பு சில ஆண்டுகள் கழித்து வரலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதய நோய் ஆபத்து சற்றுக் கூடுதல் என்பதால் இது அலட்சியப்படுத்தக் கூடாத சமிக்ஞை. 2023-ல் வெளியான ‘ரிப்ரீவ்’ ஆய்வில், 40 முதல் 75 வயது வரையிலான எச்.ஐ.வி. உள்ளவர்கள் தினம் கொழுப்பைக் குறைக்கும் பிட்டவாஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டதில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைந்தன. லாட்ஜ் வைத்தியரிடம் போனவருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எதையும் யாரும் பார்க்கப்போவதில்லை.

அந்த வைத்தியரின் விளம்பரமே குற்றம். ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாகவோ பாலுறவுத் திறனைக் கூட்டுவதாகவோ மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடைசெய்கிறது. முதல் முறை சிக்கினால் ஆறு மாதம், மறுபடி சிக்கினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். எந்த நோய்களைக் குணமாக்குவதாக ஒரு மருந்து சொல்லிக்கொள்ளக் கூடாது என்று மருந்து விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் முதலில் நிற்பது எய்ட்ஸ். ‘எச்.ஐ.வி.யை அடியோடு ஒழிப்போம்’ என்று பணம் பறிப்பவரைப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலும் போலீஸிலும் புகார் கொடுக்கலாம்.

இத்தனை படித்த பிறகும் ‘சொன்னால் வெளியே தெரிந்துவிடுமே’ என்ற பயம் போகாது. அந்தப் பயம் நியாயமானது. ஆபரேஷனுக்கு முன் கேட்காமலே ரத்தம் எடுத்து, கோப்பின் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதி, வார்டு முழுக்கத் தெரியவைத்த மருத்துவமனைகள் உண்டு. அது இன்று சட்ட விரோதம். 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கும் 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது. வேலைக்கோ சிகிச்சைக்கோ அதை நிபந்தனையாக்கக் கூடாது. நோயின் பெயரால் சிகிச்சை, வேலை, வாடகை வீடு, பள்ளி எதையும் மறுக்கக் கூடாது. உங்கள் நிலையை வெளியிட எழுத்து வழிச் சம்மதம் வேண்டும்.

மனைவி அல்லது துணை விஷயத்தில் மட்டும் சட்டம் நுட்பமாகப் பேசுகிறது. தொற்று பரவாமல் நியாயமான முன்னெச்சரிக்கை எடுப்பது உங்கள் கடமை. துணைக்குக் கணிசமான ஆபத்து இருக்கிறது, ஆலோசனை சொல்லியும் நீங்கள் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தால், உங்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு டாக்டரோ ஆலோசகரோ துணைக்குத் தெரிவிக்கலாம். நீங்களே சொல்வது எல்லா வகையிலும் மேல். வேண்டுமானால் ஆலோசகரை உடன் வைத்துக்கொண்டு சொல்லலாம்.

பாகுபாடு நடந்தால் மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். 30 நாளுக்குள் அவர் உத்தரவிட வேண்டும், மருத்துவ அவசரமானால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள். உத்தரவை மதிக்காதவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரை கூடுதல். நீதிமன்றம் போனாலும் பெயரை மறைத்து வழக்கு நடத்தக் கேட்கலாம். சட்டம் தாளில் இருக்கும் வேகத்தில் ஆபீஸில் இருக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொண்டவரை அலட்சியப்படுத்துவது எளிதல்ல.

அடுத்த முறை ஏ.ஆர்.டி. மையம் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் நீங்கள் விழுங்கும், தடவும், போட்டுக்கொள்ளும் அத்தனையையும், மாத்திரை அட்டை, லேகிய டப்பா, ஊசிக் குப்பி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் டாக்டர் மேஜையில் வையுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வரிசையில் நின்று பேச முடியாது என்றால் ஆலோசகரின் அறையில் தனியாக நேரம் கேளுங்கள். அதுவும் முடியாதவர்களுக்கு 1097 என்ற எண் இருக்கிறது. கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.