கிக் ஸ்கூட்டர் வித்தைகளும் பிள்ளைகளின் மணிக்கட்டும்

கோடை விடுமுறை தொடங்கியதும், ஒரு கையை மறுகையால் தாங்கியபடி எங்கள் எலும்புச் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் சிறுவர் சிறுமியரைக் கூடுதலாகக் காண்கிறோம். மாவுக்கட்டுடன் வீடு திரும்பும் பிள்ளை, "மறுபடி எப்போது ஓட்டலாம்?" என்று கேட்கிறது. பெற்றோரோ, "இனி ஓட்ட விடலாமா?" என்று கேட்கின்றனர். விடலாம் என்பதே எங்கள் விடை. ஆனால் வித்தைகளை வரிசை தவறாமல் கற்க வேண்டும்.

மணிக்கட்டு ஏன் முறிகிறது?

கிக் ஸ்கூட்டரின் சக்கரங்கள் சிறியவை, கடினமானவை. ஒரு சிறு கல்லோ தரை வெடிப்போ முன்சக்கரத்தைச் சட்டென நிறுத்திவிடும். உடலோ முன்னோக்கிச் செல்லும். விழும்போது கைகளை நீட்டி ஊன்றுவது இயல்பு. அப்போது உடலின் எடை முழுவதும் மணிக்கட்டை ஒட்டிய ஆரை எலும்பின் முனையில் இறங்குகிறது.

பிள்ளைகளின் எலும்பு வளையும் தன்மை உடையது. ஆகவே பல வேளைகளில் அது இரண்டாக ஒடியாமல் ஒரு பக்கம் மட்டும் நசுங்கிப் புடைக்கும். இத்தகைய முறிவு 3 முதல் 4 வாரங்களில் ஆறிவிடும். ஆனால் மணிக்கட்டின் அருகில்தான் எலும்பை நீளச் செய்யும் வளர்ச்சித் தட்டும் உள்ளது. அங்கு ஏற்படும் காயத்தைச் சுளுக்கு என்று விட்டுவிட்டால் கையின் வளர்ச்சி பாதிக்கப்படலாம்.

வண்டியும் கவசமும்

மடக்கி எடுத்துச் செல்லும் ஸ்கூட்டர் துள்ளுவதற்கு ஏற்றதன்று. அதன் மடிப்பு மூட்டு அதிர்ச்சியில் தளர்ந்துவிடும். வித்தைகளுக்கென உள்ள வண்டிகளில் மடிப்பு இராது.

ஹெல்மெட் இன்றியமையாதது. அதன் விளிம்பு புருவத்துக்கு இரு விரற்கடை மேலே அமைய வேண்டும். தாடைப்பட்டைக்கு அடியில் ஓரிரு விரல்களுக்கு மேல் நுழையக் கூடாது. பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். முழங்கால், முழங்கைக் கவசங்களும் தேவை. விறைப்பான மணிக்கட்டுக் கவசம் கைப்பிடியை இறுகப் பற்ற இடையூறாகலாம். எனவே அதை நம்பி வரிசையைத் தாண்ட வேண்டாம்.

கற்கும் வரிசை

முதலாவது, இறங்குதல். மெதுவாக ஓட்டியபடியே பின்சக்கர பிரேக்கை மிதித்து நிறுத்தவும், வண்டியை விட்டுவிட்டுக் கால்களால் தரையில் இறங்கி ஓரிரு அடி ஓடி நிற்கவும் பழக வேண்டும். விழப்போகும் வண்டியைப் பிடித்துக்கொண்டே செல்லாத பிள்ளைக்குக் கையை ஊன்றும் தேவை குறைகிறது.

இரண்டாவது, பன்னி ஹாப் எனும் துள்ளல். முதலில் புல்தரையில், நின்ற இடத்திலேயே செய்ய வேண்டும். முழங்கால்களை மடக்கி, மேலே எழும்பும்போதே கைப்பிடியையும் உயர்த்த வேண்டும். இறங்கும்போதும் முழங்கால்கள் மடங்கியிருக்க வேண்டும். பிறகு மெல்ல உருண்டபடி, தரையில் சாக்பீஸால் வரைந்த கோட்டைத் தாண்டலாம்.

மூன்றாவது, மேனுவல். உடலின் எடையைப் பின்னே சாய்த்து, முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் மட்டும் உருளுதல். பின்கால் பிரேக்கின் அருகிலேயே இருக்கட்டும். பின்னே சரிவதாகத் தோன்றினால் அதை மிதிக்க, முன்சக்கரம் கீழிறங்கும்.

பலகையைச் சுழற்றும் டெயில்விப்பை, துள்ளல் நன்கு கைவந்த பின்னரே தொடங்க வேண்டும். சுழலும் பலகை கணுக்காலையும் முன்னெலும்பையும் தாக்கும். கணுக்காலை மூடும் காலணி உதவும்.

எட்டு வயதுக்கு உட்பட்டோர் பெரியவர் அருகில் இருக்கும்போது மட்டுமே ஓட்டட்டும். வாகனங்கள் வரும் தெருவும் ஈரத்தரையும் எவருக்கும் வேண்டாம்.

விழுந்துவிட்டால்

கையை உருவிவிடுதல், எண்ணெய் தேய்த்தல், இறுக்கிக் கட்டுதல் ஆகியவற்றைத் தவிருங்கள். கை இருக்கும் நிலையிலேயே மடித்த அட்டையை அடியில் வைத்து, துண்டினால் தொட்டில் கட்டி அழைத்து வாருங்கள். கை கோணலாகத் தெரிந்தால் உணவோ நீரோ கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து தேவைப்படலாம்.

தலையில் அடிபட்டபின் மீண்டும் மீண்டும் வாந்தி, மிகுந்த உறக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, காது அல்லது மூக்கிலிருந்து தெளிந்த நீர் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

கட்டு போட்டபின் விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போனாலோ, விரலை அசைக்கையில் தாங்க முடியாத வலி எழுந்தாலோ, மறுநாள்வரை காத்திராமல் வாருங்கள்.

கட்டுப் பிரித்த பின்

வலி நின்றுவிட்டதால் எலும்பு முழு வலிமை பெற்றுவிட்டதென்று பொருளில்லை. கட்டுப் பிரித்த பின்னும் சில வாரங்கள் அதே இடம் மீண்டும் முறியக்கூடும். முழுதாக ஒடிந்த எலும்புக்கு இக்காலம் இன்னும் நீளும். மருத்துவர் இசைவு தந்த பின், மணிக்கட்டு எல்லாப் பக்கமும் வலியின்றி மடங்குகிறதா, சுவரில் கையூன்றித் தள்ள முடிகிறதா என்று பாருங்கள். அதன்பின் பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், இறங்கும் பயிற்சியிலிருந்தே தொடங்கட்டும். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, எந்த வித்தையைப் பழகும்போது விழுந்தது என்பதையும் எங்களிடம் கூறுங்கள். மீண்டும் எப்போது, எதிலிருந்து தொடங்கலாம் என்பதைச் சேர்ந்தே முடிவு செய்வோம்.