தொழுவெருவும் நெல் மகசூலும்

ஐப்பசி மழையில், சிதம்பரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலே, கொல்லைக் குப்பைமேட்டினின்றும் பழுப்பு நிறமான நீர் வடிந்து வாய்க்காலிற் சேர்வதைச் சங்க அங்கத்தினர்கள் கண்டிருப்பர். அது வெறும் அழுக்கன்று; அடுத்த போகத்து நெல்லுக்குரிய உணவேயாகும்.

பயிர் தூர் கட்டுவதற்கும் மணி பிடிப்பதற்கும் இன்றியமையாதது நைட்ரஜன் என்னும் தழைச்சத்து. ஒரு டன் நெல் விளைந்தால், வைக்கோல் உட்பட, ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ வரை இச்சத்து நிலத்தினின்றும் நீங்குகிறது. ஒரு டன் மக்கிய தொழுவெருவிலோ சுமார் 5 கிலோவே உளது. ஏக்கருக்கு 5 டன் இட்டால் 25 கிலோ. அதுவும் முதற்போகத்திலேயே முழுவதும் கிட்டுவதில்லை. பெரும்பகுதி மண்ணில் தங்கி, நுண்ணுயிர்களின் வேலையால் சிறிது சிறிதாகவே பயிர் உண்ணத்தக்க நிலையை அடைகிறது. ஆகையால் ஒரு வருஷம் எருவிட்டுப் பார்த்து, பலனில்லையென்று கைவிடுவோர் அவசரப்பட்டவராவர்.

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னும் ஆராய்ச்சிப் பண்ணையில், பார்லி பயிரிட்ட ஒரு நிலத்துக்கு 1852 முதல் 1871 வரை ஆண்டுதோறும் எருவிட்டு, பின்னர் அடியோடு நிறுத்தினர். நூறாண்டு கழிந்த பின்னும், எருவே காணாத அண்டை நிலத்தைவிட அம்மண்ணில் தழைச்சத்து மிகுந்திருந்தது. நம் மாநிலத்தில் கோயமுத்தூரில் 1909-ல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனையிலும், எருவிட்ட பாத்தியின் மண்ணே வளம் மிகுந்ததாய்க் காணப்பட்டது. கடலூரை அடுத்த செம்மண் மேட்டுநிலங்களில் கம்பும் கேழ்வரகும் பயிரிடுவோர் இதனை முக்கியமாகக் கவனிக்கவேண்டும். சிதம்பரத்துக் களிமண்ணைப்போல் அந்நிலம் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. அடிக்கடி எரு வேண்டும்.

நட்டம் நேருவது பெரும்பாலும் தொழுவத்திலேயே. மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதி மூத்திரத்தில் உளது. நாமோ சாணத்தை மட்டும் வாரிக்கொண்டு மூத்திரத்தைத் தரையில் விட்டுவிடுகிறோம். விறகுப் பஞ்சத்தால்தான் குடியானவர் சாணத்தை எரிக்கின்றனர் என்று, 1893-ல் வெளியான தம் அறிக்கையில் வோல்க்கர் துரை எழுதினார். வரட்டி தட்டும் பெண்டிரைக் குறைகூறுதல் நியாயமன்று. ஆனால் எரிவாயு அடுப்பு வந்த வீட்டிலும் மூத்திரம் வீணாகிக்கொண்டுதான் இருக்கிறது! மாடு நிற்குமிடத்தில் உலர்ந்த மண்ணையோ கழித்த வைக்கோலையோ பரப்பி, நனைந்ததை அவ்வப்போது வாரிக் குழியில் இட்டால் போதும். குழியைச் சுற்றி மழைநீர் புகாதபடி கரையும், மேலே ஒரு கீற்றுப் பந்தலும் அவசியம்.

வண்டி வயலில் இறங்கக்கூடிய சித்திரை, வைகாசியில் எருவைக் கொண்டுபோய்ச் சிறு குவியல்களாகக் கொட்டி, உழவு வரும்வரை வெயிலிற் காயவிடுவது வழக்கம். அதனால் சத்தில் ஒரு பகுதி ஆவியாகக் காற்றிற் கலந்துவிடுகிறது. குழியிலேயே வைத்திருந்து, பரப்பிய அன்றே உழுது மூடுதல் நலம். வண்டி போகும் காலம் அதுவேயென்றால், வயல்மூலையில் ஒரே குவியலாக இட்டு மண்ணால் மூடிவைக்கலாம்.

மக்காத வைக்கோல் நிறைந்த பச்சையெருவை நடவுக்குச் சற்று முன்னர் இடலாகாது. அதனை மக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்வதால், நாற்று சில வாரம் வெளுத்து நிற்கும்.