வைக்கோலும் பொலித்தீனும்

பெரும்போக அறுவடை முடிந்ததும் வட்டைகளில் வைக்கோலுக்குத் தீ வைக்கும் வழக்கம் கல்முனைப் பகுதியில் இன்னும் ஒழிந்தபாடில்லை. முன்னாளிற் சூடடித்த களத்தில் வைக்கோல் போராகக் கிடந்தது, மாடுகளுக்கு உதவிற்று. இப்பொழுது அறுவடை இயந்திரம் அதனை வயலெங்கும் வரிசையாகக் கொட்டிச் செல்கின்றது. உழவுக்கு இடையூறென்று கருதிக் கமக்காரர் பலர் அதனை எரித்துவிடுகின்றனர். எரிவது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

வைக்கோலின் முதன்மைக் கூறு செலுலோசு என்னும் பொருளாகும். குளுக்கோசு என்னும் சிறு சர்க்கரை அலகுகள் மாலையிற் கோத்த மணிகள்போல் ஆயிரக்கணக்கில் இணைந்து அது உண்டாகின்றது. இத்தகைய நீண்ட தொடரைப் பல்பகுதியம் என்பர். உயிர்கள் ஆக்குவது உயிர்ப்பல்பகுதியம். சோற்றிலுள்ள மாப்பொருளும் அதே குளுக்கோசினால் ஆனதே. அலகுகள் பிணையும் விதம் மட்டுமே வேறு. அச்சிறு வேறுபாட்டினால் சோறு மனிதர் வயிற்றிற் செரிக்கின்றது, வைக்கோல் செரிப்பதில்லை. மாட்டின் இரைப்பையிலும் மண்ணிலும் வாழும் நுண்ணுயிர்களோ செலுலோசின் பிணைப்பை அறுக்கவல்லன.

மருதமுனைத் தறிகளில் ஓடும் பருத்தி நூல் ஏறக்குறையத் தூய செலுலோசாகும். தேங்காய்த் தும்பில் இலிக்னின் மிகுதி. ஆதலால் தும்புக்கயிறு கடல்நீரிலும் எளிதில் உக்குவதில்லை. இறால், நண்டு ஆகியவற்றின் கோதிலுள்ள கைற்றினிலிருந்து பெறப்படும் கைற்றோசான், குருதிப்பெருக்கை நிறுத்தும் காயக்கட்டுகளிற் பயன்படுகின்றது. ஆய்வுகூடங்களில் நுண்ணுயிர்களை வளர்க்க உதவும் ஏகார் கடற்பாசியிலிருந்து கிடைப்பது.

பொலித்தீனும் பல்பகுதியமே. எனினும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் அதன் தொடரை எளிதில் அறுக்க இயலாது. உணவு பொதியும் பொலித்தீன் தாள் இலங்கையில் 2017 செப்டெம்பர் 1 முதல் தடைசெய்யப்பட்டது இக்குணம் பற்றியே. தோட்டத்திற் கிழிந்து புதைந்த பொலித்தீன் துண்டுகள் பல ஆண்டுகள் கிடக்கும். வைக்கோலோ மண்ணோடு மண்ணாகும்.

ஒரு தொன் வைக்கோலில் ஏறத்தாழ 5 முதல் 8 கிலோகிராம் நைதரசனும் 12 முதல் 17 கிலோகிராம் பொற்றாசியமும் உண்டு. எரித்தால் நைதரசன் அநேகமாக முழுவதும் புகையோடு போய்விடும். பொற்றாசியத்தின் பெரும்பகுதி சாம்பலில் எஞ்சினும், காற்றும் மழையும் அதனைக் கொண்டுசெல்லக்கூடும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அவ்வாண்டிற் பசளைக்கு அலைந்தவர்களுக்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை.

பச்சை வைக்கோலை உழுதவுடன் விதைப்பதும் தவறு. அதனை உக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணின் நைதரசனைத் தமக்கு எடுத்துக்கொள்வதால் இளம்பயிர் மஞ்சளிக்கும். வைக்கோலைச் சமமாகப் பரப்பி, ஈரமண்ணில் உழுது, இரண்டு மூன்று வாரம் விட்டபின் விதைத்தல் வேண்டும். அவ்வளவு காலம் கிடையாதவிடத்து, வைக்கோலை மேட்டில் மாட்டெருவுடன் படைபடையாக அடுக்கி, நீர் தெளித்து, இடையிடையே புரட்டிவிடலாம். கும்பத்தினுள் வெப்பம் எழும். ஆகவே நோய் கண்ட வயலின் வைக்கோலை நேரே உழாது இவ்வாறு உக்கவிடுவதே சிறந்தது.

கரையோர மணற்றோட்டங்களில் நீர் விரைவில் வடிந்துவிடும். மிளகாய், கத்தரி, வெண்டிப் பாத்திகளில் இரண்டு மூன்று அங்குலம் வைக்கோல் பரப்பினால் ஈரம் நிற்கும், களையும் குறையும். அடித்தண்டைத் தொடாது சிறிது விலக்கிப் பரப்புக. கறையான் உள்ள இடங்களிற் கவனம் வேண்டும். தும்புச்சோறு இடுவோர் முதலில் அதனை நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசி, உப்பையும் சாயநீரையும் போக்கிக்கொள்ளல் வேண்டும்.