ஊர்க் கணக்கு வேறு, தனியார் விவரம் வேறு

சிறுசேரியிலுள்ள சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் அலுவலகங்களில், அடையாள அட்டை இல்லாதவர் வாயிலைக் கடக்க இயலாது. உள்ளே பொன் குவிந்திருப்பதனால் அன்று. பிறர் நம்பி ஒப்படைத்த விவரங்கள் இருப்பதே காரணம். அப்பூங்காவைச் சூழ்ந்த சிற்றூர்களின் ஊராட்சி அலுவலகங்களிலும் அத்தகைய செல்வம் உண்டு. ஓய்வூதிய விண்ணப்பம், வீட்டு வசதி மனு, வேலை அட்டை ஆகியவற்றில் குடிமக்களின் 12 இலக்க ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அடங்கியுள்ளன.

“கணக்கை ஒளிக்கலாகாது என்கிறீர்கள், விவரத்தைக் காக்கவும் சொல்கிறீர்கள். இது முரண் அன்றோ?” என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். முரண் இல்லை. ஊராட்சியின் வரவு செலவு, பயனாளியின் பெயர், வேலை செய்த நாள், பெற்ற கூலி ஆகியவை ஊர் அறிய வேண்டியவை. அவற்றைக் கிராம சபையின் முன் வைப்பது நம் கடமை. ஆனால் ஆதார் எண்ணும், வங்கிக் கணக்கு எண்ணும், விரல்ரேகையும் அம்மனிதருக்கே உரியவை.

இவ்வேறுபாட்டை மறந்ததன் விளைவை நாடு கண்டிருக்கிறது. ஊரக வேலைத் திட்டம், ஓய்வூதியத் திட்டம் முதலியவற்றுக்கான நான்கு அரசு இணையத்தளங்களில், ஏறத்தாழ 13 கோடிப் பேரின் ஆதார் எண்கள் எவரும் காணுமாறு இருந்தன என்று 2017இல் ஓர் ஆய்வறிக்கை மதிப்பிட்டது. 2018இல் தெலங்கானாவில் ஒருவர், பதிவுத்துறை இணையத்தளத்தில் கிடைத்த நிலப்பத்திரங்களிலிருந்து விரல்ரேகைகளை எடுத்து, ரப்பரில் அச்சு வார்த்து, பிறர் பெயரில் சிம் அட்டைகளை இயக்கியதாகப் போலீசார் கண்டறிந்தனர். பூட்டை மாற்றலாம்; விரலை மாற்ற இயலுமோ?

ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுதலை 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் தடை செய்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். கணினியில் சேர்க்கப்படும் தனியார் விவரங்களைக் காக்க 2023இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

ஆதலால் ஊராட்சி மன்றங்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

1. அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பட்டியலில் ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் இடம்பெறலாகாது.

2. விண்ணப்பங்களைப் பூட்டிய பீரோவில் வைத்தல் வேண்டும். கெடு முடிந்தவற்றை விதிப்படி கிழித்தழிக்க வேண்டும்; எடைக்குப் போட்டால் அவை கடையில் பொட்டலத் தாளாகிவிடும்.

3. கணினியின் கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி வைத்தலும், பலர் பகிர்ந்து கொள்ளுதலும் கூடாது.

4. பயனாளிகளின் ஆவணங்களை வாட்ஸ்அப் குழுவில் அனுப்புதல் ஆகாது.

விவசாயிகளும் சிலவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார் நகல் போதுமான இடத்தில் அதனையே கொடுங்கள். நகலின் மீது எக்காரியத்திற்கு, எந்நாளில் கொடுத்தது என்று எழுதுங்கள். விரல்ரேகையைப் பயன்படுத்தாத காலத்தில் பூட்டி வைக்கும் வசதியை ஆதார் ஆணையம் அளிக்கிறது. அதன் விவரத்தை 1947 என்னும் தொலைபேசி எண்ணில் கேட்டறியலாம். கணக்கிலிருந்து பணம் களவு போயின், சிறிதும் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழையுங்கள். விரைந்து தெரிவித்தால் பணம் கை மாறுமுன் தடுக்க வாய்ப்புண்டு.

வரும் கிராம சபைக்கு முன்பாக, ஒவ்வொரு தலைவரும் தம் அலுவலகச் சுவரையும் அலமாரியையும் ஒரு முறை பார்வையிடுவாராக. ஊர் அறிய வேண்டியதை ஒளிக்காமலும், ஒருவருக்கே உரியதை வெளியிடாமலும் இருப்பதே நல்ல ஊராட்சிக்கு இலக்கணம்.